குழலும் குழவியும்: சிறார்க்குப் புல்லாங்குழல் பயிற்றும் முறை

கண்ணபிரானைக் குழலோடு சேர்த்தே நினைந்து பழகியவர்கள் நாம். ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் இருபத்தோராம் அத்தியாயம் முழுவதும் அக்குழலோசையில் ஈடுபட்ட கோபியரின் பேச்சாகவே அமைந்து, ‘வேணு கீதம்’ என்று பெயர் பெற்றது. அதே ஸ்கந்தத்தின் முப்பத்தைந்தாம் அத்தியாயத்தில் கோபியர் யசோதைப் பிராட்டியிடம் ஒரு வியப்பைச் சொல்லுகின்றனர்: ‘உன் மகன் குழலிசையின் பல வகைகளைப் பிறரிடம் பயிலாமல் தானே கண்டுகொண்டான்’ என்பது அதன் கருத்து. கற்பிப்பார் இல்லாமலே கற்றது அவனுக்குரிய தனிப்பெருமை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கோ கற்பிப்பார் ஒருவர் வேண்டும். கற்பிப்பவருக்குப் பொறுமை வேண்டும். பெற்றோருக்கு அதனினும் மிகுந்த பொறுமை வேண்டும்.

வாத்தியங்களுள் குழலைப் போல் எளிமையாகத் தோன்றுவது பிறிதொன்றில்லை. நரம்பில்லை, தோலில்லை, சாவியில்லை. துளையிட்ட ஒரு மூங்கில் துண்டு, அவ்வளவே. ஆயினும் ஆவலோடு தொடங்கிய சிறுவர் சிறுமியருள் பலர் சில திங்களுக்குள் அதனைக் கைவிட்டுவிடுகின்றனர். குழந்தைக்கு இசையறிவு இல்லை என்று பெற்றோர் முடிவு கட்டுகின்றனர். பெரும்பாலும் குறை குழந்தையிடத்தில் இல்லை. முன்னே கற்பிக்க வேண்டியதைப் பின்னேயும், பின்னே கற்பிக்க வேண்டியதை முன்னேயும் வைத்ததனால் வந்த குறை அது. ஆதலின் எது முன், எது பின் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆழ்வார் காட்டும் குழற்கோலம்

பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் ஆறாம் திருமொழி, கண்ணன் குழலூதிய சிறப்பைப் பாடுவது. மான்கள் மேய்ச்சலை மறந்ததும், பறவைகள் கூட்டை விட்டு வந்ததும், வானுலகத்தார் மயங்கியதும் அதில் வருகின்றன. இவற்றை நாம் பலகாலும் சேவித்து அனுபவித்திருக்கிறோம். ஆனால் குழல் பயிற்றும் ஆசிரியர் ஒருவர் அத்திருமொழியைப் படித்தால் அவர் கண்ணில் வேறு சில செய்திகளும் படும்.

ஊதுகின்ற பிள்ளையின் மோவாய் இடத்தோளின் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இரு கைகளும் குழலின்மேல் ஒருங்கு கூடியிருக்கின்றன. மூச்சை உள்ளே அடக்குவதால் வயிறு குடம்போல் புடைக்கிறது. வாயின் கடைகள் குவிந்து கூடுகின்றன. சிறிய விரல்கள் துளைகளைத் தடவி உலாவுகின்றன. புருவத்திலே சிறு வியர்வையும் அரும்புகிறது. நிற்கும் நிலை, மூச்சு, உதடு, விரல் என நான்கினையும் ஆழ்வார் ஒன்றும் விடாது காட்டிவிட்டார். குழந்தை ஒருவன் குழலூதுவதைத் தாயின் கண்கொண்டு கூர்ந்து நோக்கிய நோக்கு இது.

இவற்றுள் இரண்டு குறிப்புகள் நமக்கு மிகவும் இன்றியமையாதன. ஒன்று, வயிறு புடைத்தல். மூச்சு மார்பின் மேற்புறத்தோடு நின்றுவிடாமல் வயிறுவரை இறங்கவேண்டும் என்று இன்றும் குழலாசிரியர்கள் வற்புறுத்துகிறார்கள். மற்றொன்று, வியர்வை. விளையாட்டாகத் தோன்றும் குழலூதலில் உடலுழைப்பு உண்டு என்பதை அது நினைவூட்டுகிறது. சிறு உடலுக்கு அவ்வுழைப்பை அளந்து கொடுப்பதே ஆசிரியரின் முதற்கடமை.

பண்டை உரையில் குழல்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதைக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் குழலின் இலக்கணத்தை விரித்துரைக்கிறார். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகிய ஐந்தும் குழல் செய்தற்குரியன. நீளம் 20 விரல். சுற்றளவு நாலரை விரல். இடமுகம் அடைபட்டிருக்கும், வலமுகம் திறந்திருக்கும். வாய்வைத்து ஊதும் துளையை அன்றி எட்டுத் துளைகள் உண்டு. அவற்றுள் ஒன்றினை முத்திரை என்று ஒதுக்கி, எஞ்சிய ஏழின்மேல் ஏழு விரல்களை வைத்து ஊதவேண்டும். இடக்கையில் பெருவிரலும் சிறுவிரலும் நீங்கலாக மூன்று. வலக்கையில் பெருவிரல் நீங்கலாக நான்கு. இன்று கர்நாடக இசைக் கச்சேரிகளில் வாசிக்கப்பெறும் குழலிலும் இவ்வமைப்பே தொடர்ந்து வருவதைக் காணலாம். குழல் வலப்பக்கம் நீள, முகம் இடப்பக்கம் சற்றே திரும்பும் என்பதால் ஆழ்வார் பாடிய கோலமும் இவ்வுரையும் ஒத்துப்போகின்றன. நம் கோயில்களில் வேணுகோபாலன் திருமேனியைச் சேவிக்கும்போது குழலும் விரல்களும் அமைந்திருக்கும் முறையைக் குழந்தைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள். அதுவே அவர்களுக்கு ஒரு முன்பாடமாகும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

மேதைகளின் வரலாறு இங்கே நம்மை மயக்கக்கூடும். திருவிடைமருதூரில் 1926-ஆம் ஆண்டு பிறந்த டி. ஆர். மகாலிங்கம், ‘மாலி’ என்று புகழ்பெற்றவர், 1933-இல் தம் ஏழாம் வயதிலேயே மயிலாப்பூரில் கச்சேரி செய்தார். அவருடைய சீடரும் 1934-இல் திருவாரூரில் பிறந்தவருமான என். ரமணி இளமையிலே தம் பாட்டனாரிடம் குழல் பயின்று, எட்டு வயதில் மேடை ஏறினார். இவர்களை வணங்குவோம், ஆனால் இவர்களை அளவுகோலாகக் கொண்டு நம் குழந்தையை அளக்க வேண்டா.

பொதுவாக ஏழு அல்லது எட்டு வயது ஏற்றது எனலாம். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பல். ஆறு, ஏழு வயதில் முன்வாய்ப் பால்பற்கள் விழுந்து முளைக்கின்றன. குழலூதும்போது உதட்டிற்குப் பின்னே தாங்குவன முன்பற்களே. அவை இல்லாத திங்களில் நேற்று வந்த ஓசை இன்று வாராது. குழந்தை சோம்பிவிட்டது என்று சினப்பது தகாது. அக்காலத்தில் குழலைச் சற்று ஓய வைத்து வாய்ப்பாட்டைப் பயிற்றலாம். இரண்டாவது கை. விரல்கள் எட்டாத குழலைப் பிஞ்சுக் கையில் திணித்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும், தோள் உயரும், அத்தீய பழக்கம் பின்னர் எளிதில் நீங்காது. ஐந்து வயதுக் குழந்தை விரும்பிக் கேட்டால் மறுக்கவேண்டுவதில்லை. விளையாட்டாக ஊதட்டும்; பாடம் என்று பெயரிடாமல் விட்டுவிடுக.

எந்தக் குழல்?

குழல் நீண்டால் சுருதி தாழும். குறுகினால் சுருதி உயரும். பெரியோர் கையாளும் நீண்ட குழல் குழந்தைக்கு ஆகாது. ஐந்து கட்டை, அதற்கு மேற்பட்ட சுருதியுள்ள சிறு குழல்களில் துளைகள் நெருங்கி இருக்கும். சிறு விரல்கள் வருந்தாமல் எட்டும். கை வளர வளர நீண்ட குழலுக்கு மாறிக்கொள்ளலாம்.

திருவிழாக் கடைகளில் கழியிலே செருகி விற்கும் குழல்களை வாங்காமல் குழந்தைகள் வீடு திரும்புவதில்லை. அவற்றுள் இருவகை உண்டு. நேராக வாயில் கவ்வி ஊதும் குழல் ஒருவகை. அதில் யார் ஊதினாலும் ஓசை எழும். விரல் அசைவைப் பழகுவதற்கு அது உதவும். ஆனால் உதட்டுப் பயிற்சிக்கு உதவாது. குறுக்காகப் பிடித்து ஊதுவது மற்றொரு வகை. அதுவே நாம் கருதும் புல்லாங்குழல். அதனை வாங்குமுன் மூங்கிலில் வெடிப்பு இல்லையா, துளை விளிம்புகள் பிசிறின்றி வழவழப்பாக உள்ளனவா என்று பார்க்கவேண்டும். குழலூத அறிந்தவர் ஒருவரைக் கொண்டு தம்பூராவோடு அல்லது சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்க்கவும் வேண்டும். சுருதி சேராத குழலில் ஓராண்டு பழகிய செவியைத் திருத்துவது, புதிதாகத் தொடங்குவதைக் காட்டிலும் கடினம். அலங்காரக் குழல் வீட்டில் விளையாடக் கிடக்கட்டும். பயிலும் குழல் வேறாக இருக்கட்டும்.

முதற்பாடம்: ஓசை பிறத்தல்

குழலினுள் காற்றை நிரப்புவதால் ஓசை எழுவதில்லை. உதட்டிடையிலிருந்து வரும் மெல்லிய காற்றோட்டம் ஊதுதுளையின் எதிர் விளிம்பில் மோதி, உள்ளும் புறமுமாக மாறி மாறிச் சாய்கிறது. அதனால் குழலினுள் இருக்கும் காற்று அதிர்ந்து நாதமாகிறது. ஆதலின் வலிந்து ஊதுவதில் பயனில்லை. காற்றைச் சரியான இடத்தில் செலுத்துவதே வேண்டுவது. இதனை விளக்க ஒரு வெறுஞ்சீசா போதும். அதன் வாய் விளிம்பில் கீழுதட்டை வைத்துக் குறுக்கே மெல்ல ஊதினால் ‘பூ’ என்று ஓசை எழும். குழந்தை சிரித்துக்கொண்டே தத்துவத்தை அறிந்துகொள்ளும்.

அதன்பின் குழலைக் கொடுத்து, விரல் எதனையும் வையாமல், கண்ணாடி முன் நிறுத்தி ஊதச் செய்க. ஊதுதுளை கீழுதட்டின் ஓரத்தில் அமையவேண்டும். உதட்டின் கடைகள் சற்றே இறுகி, நடுவில் சிறு பிளவு மட்டும் இருத்தல் வேண்டும். கன்னங்கள் உப்பலாகாது. சில குழந்தைகளுக்கு முதல்நாளே ஓசை வரும். சிலருக்கு இரண்டு வாரமும் ஆகலாம். முதல் நாளில் வந்ததைப் பெரிதாகப் புகழவும் வேண்டா. வாராததை இகழவும் வேண்டா.

தொடக்கத்தில் குழந்தைக்குத் தலை கிறுகிறுப்பது உண்டு. அளவுக்கு மிஞ்சி மூச்சை இழுத்து விடுவதால் நேர்வது அது. உடனே குழலைக் கீழே வைத்து, அமர்ந்து, இயல்பாக மூச்சு விடச் செய்தல் வேண்டும். ஒரே அமர்வில் அரைமணி ஊதுவதைவிட நாளில் மூன்று முறை ஐந்தைந்து நிமிடம் ஊதுவது சிறந்தது.

மூச்சு

ஓசை நிலைத்தபின் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் பயிற்சி தொடங்கவேண்டும். குழந்தையை மல்லாந்து படுக்கவைத்து வயிற்றின்மேல் ஒரு சிறு புத்தகத்தை வைத்தால், மூச்சை இழுக்கும்போது அது உயர்வதையும் விடும்போது தாழ்வதையும் தானே காணும். ஆழ்வார் சொன்ன குடவயிறு இதுவே என்று சொல்லிக்கொடுக்கலாம். பிறகு எழுந்து நின்று, ஆசிரியர் தாளம் போட, நான்கு எண்ணிக்கை வரையில் ஒரே சீராக ஊதட்டும். அது கைவந்தபின் ஆறு, எட்டு என்று உயர்த்துக. நாதம் நடுங்காமலும் முடிவில் தொய்யாமலும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நீளத்தைவிடச் சீர்மையே பெரிது.

விரல்

துளைகளை விரல்நுனியால் குத்தாமல், விரலின் தசைப்பற்றுள்ள அடிப்பகுதியால் மூடவேண்டும். இறுக அழுத்தலாகாது; காற்றுக் கசியாமல் மூடினால் போதும். ஓசை கீறிச்சிட்டால் அநேகமாக ஒரு விரல் விலகியிருக்கும்.

நம் குழலில் ஊதுதுளைக்கு அடுத்த இரு துளைகளை மூடினால் ஷட்ஜம். ஒன்றை மட்டும் மூடினால் ரிஷபம். எல்லாவற்றையும் திறந்தால் காந்தாரம். ஆகவே ‘ஸ, ரி, க’ என்னும் மூன்றும் இடக்கையின் இரண்டு விரல்களிலேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் காந்தாரத்திலிருந்து மத்யமத்திற்கு ஏறும்போது, திறந்து கிடந்த துளைகளின்மேல் அநேகமாக எல்லா விரல்களும் ஒருசேரத் திரும்பி வந்து அமரவேண்டும். அப்போதே காற்றும் கூர்மையாக வேண்டும். குழந்தை இடறுவது இந்த இடத்தில்தான். வாய்ப்பாட்டில் ‘ஸ ரி க ம’ என்பது ஒரே ஏற்றம். குழலிலோ அது ஓர் ஓடையைத் தாண்டுவது போன்றது.

இன்னும் ஒன்று. புரந்தரதாஸர் வகுத்தார் என்று போற்றப்பெறும் வழக்கப்படி தொடக்கப் பாடங்கள் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைகின்றன. வாய்ப்பாட்டிற்கு அது மிகப் பொருத்தம். குழலிலோ அந்த ராகத்தின் சுத்த ரிஷபம் துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து பெறவேண்டியது. முழுத்துளையையே மூடப் பழகாத விரலுக்குப் பாதித்துளை பெருஞ்சுமை. ஆதலின் விரலை முழுமையாகத் தூக்கியும் வைத்தும் வாசிக்கத்தக்க ஹரிகாம்போதி ஸ்வரங்களை முன்னே பயிற்றி, மாயாமாளவகௌளையைப் பின்னே கொணர்வது குழந்தைக்கு இதமாகும். இது மரபை மீறுவது அன்று; மரபை வாத்தியத்தின் இயல்புக்கு ஏற்பப் பொருத்துவது.

முதலில் ஸ, ரி, க மூன்றினையும் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். அடுத்து இடக்கை மூன்றாம் விரலைச் சேர்த்துக் கீழ் நிஷாதம். பின்பு வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகக் கூட்டித் தைவதம், பஞ்சமம், இறுதியில் மத்யமம் வரை கீழிறங்கலாம். இவை நன்கு கைவந்தபின் மேலேறும் மத்யமத்தைத் தொடங்கினால் ஓடை தானே சுருங்கிவிடும்.

விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசிக்கும் பழக்கத்தை முளையிலேயே கிள்ளவேண்டும். குழலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்திய பெருமை கும்பகோணம் சரப சாஸ்திரிகளுக்கு உரியது. 1872 முதல் 1904 வரை வாழ்ந்த அவர் இளம்பருவத்திலேயே கண்பார்வை இழந்தவர். விரலை ஆள்வது கண் அன்று, செவியே என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

முன்னே பாடுக, பின்னே ஊதுக

எந்தப் பாடத்தையும் குழந்தை வாயால் பாடியபின்பே குழலில் எடுக்கவேண்டும். குழலில் பிழைநேர்ந்தால், குழலை வைத்துவிட்டு மீண்டும் பாடச் செய்க. பாட்டில் பிழையிருந்தால் அது செவியின் குறை. பாட்டுச் சரியாக இருந்து குழலில் மட்டும் பிழையிருந்தால் அது விரலின் அல்லது உதட்டின் குறை. இரண்டிற்கும் மருந்து வேறு. வாய்ப்பாட்டின் நெகிழ்ச்சியைக் குழலில் காட்டிய திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை போன்ற வித்வான்களின் வாசிப்பைக் குழந்தைகள் கேட்கும்படி செய்வது பெரும் பயன் தரும். குழல் ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணுவார்க்கு, 2002-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற சிக்கில் சகோதரிகளான குஞ்சுமணி, நீலா இருவரின் புகழே விடையாகும்.

ஸ்வரப் பயிற்சி ஓரளவு அமைந்தபின் குழந்தை ஏற்கெனவே செவியால் அறிந்த பாட்டு ஒன்றைக் கொடுக்கலாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்த திருப்பாவைப் பாசுரங்களை மார்கழி தோறும் கேட்டு வளரும் குழந்தைகள் நம்மிடையே உளர். அவற்றுள் ஒன்றின் முதலடியைத் தானே குழலில் கண்டுபிடிக்கும் நாள், அக்குழந்தைக்கு மறவாத நாள். கமகங்களை அவசரப்பட்டுத் திணிக்க வேண்டா. தூய ஸ்வரம் நின்றபின் அசைவு தானே வந்து சேரும்.

பெற்றோர் கடமை

பெற்றோர் செய்யத்தக்கவை சில உள. நாள்தோறும் ஒரே வேளையில் பயிற்சிக்கு இடம் ஒதுக்குக. உணவு உண்டவுடன் ஊதச் சொல்லற்க. வயிறு நிறைந்திருந்தால் மூச்சு இறங்காது. சளியும் இருமலும் உள்ள நாளில் குழலுக்கு விடுமுறை அளிக்க. உடன்பிறந்தோர் ஆயினும் ஒருவர் வாய்வைத்த குழலைத் துடையாமல் மற்றவர் வாய்வைக்கலாகாது. ஊதி முடித்ததும் மெல்லிய துணியைக் கோலில் சுற்றி உட்புற ஈரத்தைத் துடைக்கவேண்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் மூங்கில் வெடிக்கும்.

எல்லாவற்றினும் மேலானது ஒன்று: வந்த விருந்தினர் முன் ‘எங்கே, ஒரு பாட்டு ஊதிக் காட்டு’ என்று குழந்தையை நிறுத்தாதிருத்தல். அரைகுறையாகக் கற்ற பாட்டை அச்சத்தோடு ஊதும் குழந்தை உதட்டை இறுக்குகிறது. மூச்சை மேலேயே நிறுத்துகிறது. பல திங்கள் சேர்த்த பயிற்சி ஒரு மாலைப்பொழுதில் குலைகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை கீர்த்தனம் கற்றான் என்னும் கணக்கும் வேண்டா. முதலாண்டு முடிவில் ஒரு குழந்தை அச்சமின்றி நின்று, வயிறார மூச்செடுத்து, ஒரு ஷட்ஜத்தை எட்டு எண்ணிக்கை நடுங்காமல் நிறுத்துமானால், அவ்வாண்டு வீணாகவில்லை. அடித்தளம் உறுதியாயிற்று, மாளிகை எழுவது இனி எளிது.

குழலின் இனிமையையும் குழந்தை மொழியின் இனிமையையும் ஒருங்கே வைத்து எண்ணியவர் வள்ளுவர். அவ்விரண்டும் ஒரே வாயில் கூடும் வாய்ப்பு, குழல் கற்கும் குழந்தையின் வீட்டாருக்கு மட்டுமே கிட்டுவது. தடுமாறும் ஓசையையும் பொறுத்துக் கேட்பவர்க்கே அது கிட்டும். இத்திருவிழாவிற்கு வந்து சேவிக்கும் அன்பர்கள் தம் குழந்தையின் கையில் ஒரு குழலைக் கொடுக்கும்போது, கூடவே போதிய காலத்தையும் கொடுப்பார்களாக. வேணுகோபாலன் திருவருள் அவ்வில்லங்களில் நிறைவதாகுக.